கடல் மணல் பூசிய சுவர்

அனெசீனா வீட்டுச் சுவரைப் பற்றித் துறைமுகத் தெருவில் பேசாத வாய் கிடையாது. அவள் காதில் விழுகிற மாதிரி மட்டும் யாரும் பேச மாட்டார்கள். அந்தத் தெருவுக்கு அந்த அளவு இங்கிதம் உண்டு.

எங்கள் தீவில் வீடு என்றால் அது பெண்ணுடையது. மகளைக் கட்டிக்கொடுக்கும்போது தகப்பன் சாவியை அவள் கையில்தான் கொடுப்பான். மருமகன் ஒரு தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேருவான். அப்படி அனெசீனாவுக்கு வந்தது தெருவின் கடைசி வீடு. அதற்கப்புறம் படிக்கட்டு, அதற்கப்புறம் கடல். பெரிய அறை ஒன்று, ஒட்டினாற்போல் அடுப்படி. அறையின் பின்சுவர் கடலைப் பார்த்து நிற்கும். வீடு முழுக்கக் கருங்கல், மேலே சுண்ணாம்புக் காரை.

தகரப்பெட்டியோடு வந்தவன் யாக்குமிஸ். சரக்குக் கப்பலில் இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிற வேலை. வருஷத்தில் முக்கால்வாசி எந்தக் கடலிலோ இருப்பான். கல்யாணமாகி ஒரு தடவை விடுமுறைக்கு வந்தவனுக்குக் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. அனெசீனா அப்போது நிறைமாசம். பின்சுவரில் பழைய காரை பொத்துப் பொத்தென்று கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது.

"என் புள்ள பொறந்து இந்தக் குப்பையிலயா கிடக்கும்?" என்று சொல்லிவிட்டு ஒரே நாளில் கல் தெரியக் கொத்தி எடுத்துவிட்டான். கொத்துவது எந்தத் தடியனுக்கும் வரும். பூசுவதில்தான் சங்கதி இருக்கிறது.

கொத்தனார் நிக்கீத்தாஸ் அந்த வழியாகப் போனவர் எட்டிப் பார்த்தார். அவருக்கு எந்தச் சுவரையும் பார்க்காமல் தாண்டிப் போக முடியாது.

"டேய், மணலு எங்கேருந்துடா?"

"படியிறங்குனா கிடக்கே மாஸ்டர், கடவுளே கொட்டி வச்சிருக்காரு."

"கடல் மணலா? ஏண்டா, சுவரு பூசப் போறியா, கருவாடு போடப் போறியா? கழுதைக்காரன்கிட்ட சொல்றேன். மலைக்கு அந்தப் பக்கம் ஓடை மணலு இருக்கு. வாரக் கடைசிக்குள்ள வந்துரும்."

"வாரக் கடைசில நான் பிரேயுஸ் துறைமுகத்துல கப்பலேறணுமே!"

"அப்ப அலசு. நல்ல தண்ணியில அலசு. நாக்குல வச்சா கரிக்கக் கூடாது. அதுவரைக்கும் அலசிக்கிட்டே இரு."

நிக்கீத்தாஸ் சொன்னது நியாயம். ஆனால் அந்த வருஷம் மழை இல்லை. எங்கள் ஊரில் ஆறு கிடையாது, இருக்கிற நாலு கிணறும் உப்பு. கூரையில் விழுகிற மழையை வீட்டுக்கு அடியில் உள்ள தொட்டியில் பிடித்து வருஷம் முழுக்கக் குடிக்கிற ஜனங்கள் நாங்கள். ஆகஸ்டில் யார் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதை வைத்துத்தான் எந்த வீட்டுப் பெண் கெட்டிக்காரி என்று தெருவில் முடிவு செய்வார்கள். அனெசீனா மூடியைத் தூக்கி வாளியை இறக்கினாள். அடியில் போய் இடித்தது.

"மணலைக் குளிப்பாட்ட எங்கிட்டத் தண்ணி இல்லைங்க," என்றாள். "பொறக்கப் போற புள்ளையக் குளிப்பாட்டணும். ரெண்டு வாளி தர்றேன். அதுக்கு மேல ஒரு சொட்டு கேக்கப்படாது."

யாக்குமிஸ் சிரித்தான். இரண்டு வாளியை மணல் குவியலில் ஊற்றிக் காலால் ஒரு கலக்குக் கலக்கினான். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தான்.

"எப்படி இருக்கு?"

"தேனாட்டம் இருக்கு," என்று கண்ணடித்தான், பாவி.

இரண்டு பேரும் இரண்டு பக்கக் காதைப் பிடித்துத்தான் கூடையில் அந்த மணலைக் கரையிலிருந்து தூக்கி வந்தார்கள். நிறைமாசக்காரி, சொன்னால் கேட்டால்தானே! அவன் இடதுகைக்காரன். பூச்சுக் கரண்டி வலமிருந்து இடமாக வளைந்து வளைந்து போவதை அவள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் ஒதுங்கி நின்று தன் வேலையைத் தானே ரசித்தான்.

"காயட்டும். வெள்ளை மட்டும் நீ அடிச்சிரு. நான் வரும்போது பளபளன்னு இருக்கணும்," என்று சொல்லிவிட்டுப் படகேறினான்.

அவன் போன பிறகு பெண் பிறந்தாள். வழக்கப்படி அவன் அம்மா செவாஸ்தியின் பெயரையே வைத்தார்கள். வாயில் நுழைகிற மாதிரி வாஸ்தூலா என்று கூப்பிட்டார்கள். அவன் குழந்தையைப் புகைப்படத்தில் பார்த்தானே தவிர நேரில் பார்க்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் கப்பல் கம்பெனியிலிருந்து தந்தி வந்தது. பெரும் புயல், கப்பலிடமிருந்து பேச்சுமூச்சு இல்லை, கவிழ்ந்த உயிர்காப்புப் படகு ஒன்று மட்டும் கிடைத்தது, ஆட்கள் யாரும் கிடைக்கவில்லை.

மாமியார் செவாஸ்தி அன்றைக்கே கறுப்பு உடுத்திவிட்டாள். மேல்தெருவில் இருக்கிற தன் வீட்டில் கோதுமையை வேகவைத்துச் சர்க்கரை தூவி, தட்டில் ஏந்திக்கொண்டு கோயிலுக்குப் போனாள். செத்தவர்களுக்கு நாங்கள் அப்படித்தான் செய்வோம். கைப்பிடி கைப்பிடியாக எல்லோருக்கும் கொடுத்து, 'ஆண்டவர் அவனை மன்னிக்கட்டும்' என்று சொல்ல வைப்போம். அந்தத் தட்டுக்குப் பின்னால் மனைவி நிற்க வேண்டும். அனெசீனா போகவில்லை. அன்றைக்கெல்லாம் வீட்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஈஸ்டர் வந்தது. அதற்கு முந்தின வாரம் எங்கள் தெருவில் வெள்ளையடிக்காத வீடு இருக்காது. சுவர், படி, மரத்தூர், நடைபாதைக் கல்லின் இடுக்கு எல்லாவற்றுக்கும் சுண்ணாம்புதான், கோழி குறுக்கே வந்தால் அதற்கும் ஒரு பூச்சு விழும். துக்கம் நடந்த வீடு மட்டும் மங்கலாகக் கிடக்கும். அதைப் பார்த்துத்தான் வெளியூர்க்காரனுக்குக்கூட இங்கே ஒரு சாவு என்று தெரியும். அந்த வருஷம் தெருவிலேயே முதலில் ஏணி வைத்தவள் அனெசீனா. உள்ளே ஒரு தடவை, வெளியே இரண்டு தடவை அடித்தாள்.

செவாஸ்தி படியிறங்கி வந்து ஏணிக்குக் கீழே நின்றாள்.

"ஏண்டி, செத்த வீட்டுக்கு வெள்ளையடிக்கிறியே, உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?"

"யாரு செத்தது அத்தை? நீங்க பாத்தீங்களா?"

"கடல்ல போனவனை யாருடி பாக்க முடியும்?"

"அப்பப் பாக்காம என்னால கறுப்பு உடுத்த முடியாது."

"பெத்த வயித்துக்கே தெரிஞ்சிருச்சு. உனக்கு என்னடி? எம்புள்ளைக்குக் கோதுமை வேக வச்சு நான் ஒருத்தியா நிக்கிறேன், கட்டினவ மொகத்தைக்கூடக் காட்டல!"

"உங்களுக்கு அவரைப் பொதைக்க அவசரம். எனக்கு அவசரமில்ல."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான். சொல்லிவிட்டாள். கிழவி வாசற்படியில் துப்பிவிட்டுப் போனாள். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு அறுந்தது. கரையோரக் கோயிலுக்குப் போகிற வழியில் அந்த வீடு வந்தால் செவாஸ்தி எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவாள். பேத்தி மட்டும் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து பூனை மாதிரி இரண்டு வீட்டுக்கும் போய்வந்து கொண்டிருந்தாள்.

உள்ளே சுவர் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. தென்காற்று வீசினால் போதும், அது வேர்க்கும். வேர்வை காய்ந்தால் உப்புப் பூக்கும். உப்புப் பூத்த இடம் உப்பி, செதில் செதிலாகப் படுக்கையில் உதிரும். அனெசீனா கூட்டி அள்ளுவாள், சுண்ணாம்பைக் கரைத்து மேலே அடிப்பாள். மறுபடி பூக்கும், மறுபடி அடிப்பாள். மார்கழி, தை எதற்கும் சுண்ணாம்பு வாளி அந்த வீட்டில் காயவில்லை. 'வெள்ளை மட்டும் நீ அடிச்சிரு' என்று சொல்லிவிட்டுப் போனவன் வந்து கேட்டால் அவளிடம் பதில் இருக்க வேண்டாமா?

வாஸ்தூலாவின் கட்டில் அந்தச் சுவரோரம்தான். நாலு வயதில் அவள் விரலால் சுவரைத் தொட்டு நக்கிவிட்டு, "அம்மா, அப்பா சுவரு உப்பா இருக்கு," என்று சொல்லிச் சிரித்தாள். அனெசீனாவும் கூடவே சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்பு அபூர்வம் என்பதால் பிள்ளை அதைத் திரும்பத் திரும்பச் செய்தாள்.

ஏழு வயதில் இருமல் பிடித்தது. கோடையில் விட்டது, மழையில் திரும்பி வந்தது. அடுத்த வருஷம் கோடையிலும் விடவில்லை. படகில் வருகிற டாக்டர் குழாயை முதுகில் வைத்துக் கேட்டார். பிறகு சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டு ஈரம் ஒட்டிய கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு மழைக்காலம் இவ இங்க படுத்தா நான் பொறுப்பில்லம்மா. நெஞ்சு ரொம்பக் கெட்டுக் கிடக்கு."

அனெசீனா செய்யாததில்லை. கட்டிலை அடுப்படிக்கு மாற்றினாள். புகையில் இருமல் இரட்டிப்பானது. சுவர் முழுக்க நீர் ஒட்டாத எண்ணெய்த்துணியை ஆணியடித்து மறைத்தாள். ஒரு மாதத்தில் துணிக்குப் பின்னால் பச்சையாகப் பாசி வந்தது. "மேல்தெருவுல மாமியா வீடு காஞ்ச வீடு. புள்ளைய அங்க விடேன்," என்றாள் பக்கத்து வீட்டு மெர்சீனா.

"போய்வர்றது வேற. தங்க விட்டா மறுநாளே கறுப்புச் சட்டை தைச்சு மாட்டி விட்டுருவாங்கக்கா. 'உங்கப்பன் செத்துட்டான்'னு அவகிட்டச் சொல்லுவாங்க."

"சொன்னா என்னடி ஆயிரும்?"

அனெசீனா எழுந்து நிக்கீத்தாஸைக் கூட்டிவரப் போனாள். அவர் எண்ணெய்த்துணியைக் கிழித்துப் பார்த்தார், முகர்ந்தார், சுத்தியல் பிடியால் தட்டினார். சுவர் மொத்தமும் பொள்ளென்று சத்தம் கொடுத்தது.

"அன்னிக்கே சொன்னேன், கருவாடுன்னு. ஓதத்தை மூடி வச்சா அது எங்கம்மா போகும்? புள்ள நெஞ்சுக்குத்தான் போகும். கல்லு வரைக்கும் கொத்திட்டுப் புதுசாப் பூசணும். வேற வழி இல்ல."

"பாதி எடுத்தாப் போதாதா மாஸ்டர்? கட்டில் பக்கம் மட்டும்?"

"பாதி உப்பு, பாதி சர்க்கரைன்னு இருக்குமா? எடுத்தா முழுசா எடுக்கணும்."

"அப்ப வேண்டாம். நீங்க போங்க."

"என்னைக் கொலைகாரனைப் பாக்குற மாதிரிப் பாக்காதம்மா. நான் சுவரைத்தான் கொத்தச் சொல்றேன்."

"போங்கன்னு சொல்றேன்ல!"

அவர் போய்விட்டார். அவளுக்கு எது நல்லது என்று தெரியாமல் இல்லை. அவன் கை பட்டது என்று அந்த வீட்டில் வேறென்ன மிச்சம்? ஒரு கல்லறை உண்டா, கும்பிட ஒரு சிலுவை உண்டா? அந்தச் சுவர் நிற்கிற வரைக்கும் அவன் பாதியில் விட்டுவிட்டுப் போன வேலை ஒன்று இருக்கிறது, அதை முடிக்க அவன் வருவான். கொத்தி எறிந்துவிட்டால் அவன் எதற்காக வருவான்? மற்றவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள் என்று அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் மத்தியானம் வாஸ்தூலா பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். வாசலிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. படியில் உட்கார்ந்து இருமி முடித்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, எதுவும் நடக்காத மாதிரி உள்ளே வந்தாள்.

"கையைக் காட்டு," என்றாள் அனெசீனா.

"ஒண்ணுமில்லம்மா."

"காட்டுடி!"

பாவாடையில் கொஞ்சம் சிவப்பு. மிகக் கொஞ்சம்தான்.

"சுவத்த இடிக்க வேண்டாம்மா," என்றது அந்தப் பிள்ளை. "மாஸ்டர் சொன்னதை மெர்சீனா பெரியம்மா சொன்னாங்க. எனக்கு இருமல் சரியாப் போயிரும். நான் வாயைப் பொத்திக்கிட்டுத் தூங்குறேன். அப்பா வந்தா கோவிப்பாருல்ல?"

எட்டு வயதுப் பிள்ளை தன் நெஞ்சைக் கொடுத்து அம்மாவின் சுவரைக் காப்பாற்றப் பார்க்கிறது. இப்படி ஒரு பாடத்தையா இத்தனை வருஷம் சுண்ணாம்பு அடித்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. பிள்ளையின் வாயைக் கழுவி, கையோடு மேல்தெருவுக்கு நடத்திக்கொண்டு போய் மாமியார் வாசலில் நிறுத்திக் கதவைத் தட்டினாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்க்காமல் இறங்கி நேராக நிக்கீத்தாஸ் வீட்டுக்குப் போனாள்.

"ஓடை மணலுக்குச் சொல்லிருங்க மாஸ்டர்."

"சரிம்மா. நாளைக்கு வந்து கொத்துறேன்."

"கொத்துறதை நான் பாத்துக்கிறேன். உளியும் சுத்தியலும் மட்டும் குடுங்க. அவரு பூசுனது, வேற கை படவேண்டாம்."

முதலில் வந்தது அவள் அடித்த சுண்ணாம்பு. வருஷக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அப்பம் போலத் தடித்திருந்தது. உளியை நுழைத்து நெம்பியதும் ஒரு பாளமாகக் கழன்று விழுந்து நொறுங்கியது. பின்னால் யாக்குமிஸின் பூச்சு சாம்பல் நிறத்தில் ஈரமாக நின்றது. அவன் போன பிறகு அவளே மூடிவிட்டதால் அன்றைக்கப்புறம் அவள் அதைப் பார்த்ததே இல்லை. கரண்டி போன தடம் அப்படியே இருந்தது, வலமிருந்து இடமாக வளைந்து வளைந்து. நடுவில் ஒரு சிப்பித்துண்டு பதிந்திருந்தது. அவள் ஒரு வளைவில் வலதுகையை வைத்துத் தடவிப் பார்த்தாள், கை அதோடு போகவில்லை. இடதுகையை வைத்தாள், போனது. சுவர் முழுக்க ஒவ்வொரு வளைவாக அப்படித் தடவி முடித்த பிறகுதான் சுத்தியலை ஓங்கினாள்.

கெட்டியாக இருந்தாலாவது கைக்கு வேலை இருந்திருக்கும். அது அடிக்கு முன்பே சரிந்து கொட்டியது. சாயங்காலத்துக்குள் கல் தெரிந்துவிட்டது.

"ஓடைப்பள்ளத்துல கொட்டிரும்மா," என்று தெருவில் சொன்னார்கள். அவள் மூலையில் கிடந்த இரண்டு காதுக் கூடையை எடுத்தாள். இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். எந்தக் கரையிலிருந்து அள்ளினார்களோ அந்தக் கரையில், அலை வந்து தொடுகிற இடத்தில் கொட்டினாள். சுண்ணாம்பு வெள்ளையாகக் கரைந்து போனது, மணல் மணலோடு சேர்ந்தது. மறுபடி ஏறினாள், மறுபடி இறங்கினாள். தெருவில் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். மெர்சீனா உதவிக்கு வந்து கூடையின் இன்னொரு காதைப் பிடித்தாள். அனெசீனா மெதுவாக அவள் கையை எடுத்துவிட்டாள். கடைசிக் கூடையைக் கொட்டிவிட்டு ஈரத்தில் அப்படியே உட்கார்ந்தாள்.

"நான்தானே அலச விடல," என்று கடலைப் பார்த்துச் சொல்லி வாய்விட்டு அழுதாள். "ரெண்டு வாளிக்கு மேல குடுக்க மாட்டேன்னு நான்தானே சொன்னேன்..."

உள்ளங்கை அளவு ஒரு துண்டை மட்டும் எடுத்து வைத்திருந்தாள், தடம் பதிந்த துண்டு. சாமிப்பட மாடத்தில் விளக்கருகே வைத்தாள். தென்காற்று இரண்டு முறை வீசியதும் அது வேர்த்து, பூத்து, ஒரு கரண்டி உப்பு மணலாக உட்கார்ந்துவிட்டது. அதையும் துடைத்து எடுத்தாள்.

நிக்கீத்தாஸ் ஓடை மணலில் பூசி முடித்தார். குளிர்காலம் முழுக்கச் சுவர் காய்ந்தது. அதுவரை வாஸ்தூலா மேல்தெருவில்தான் இருந்தாள். கறுப்புச் சட்டை யாரும் தைத்துப் போடவில்லை. இருமல் கொஞ்சம் கொஞ்சமாக இளகிப் போனது. மாசி கடைசியில் வீடு திரும்பியவள் முதல் வேலையாகச் சுவரைத் தொட்டு விரலை நக்கினாள்.

"அம்மா, ஒரு ருசியும் இல்லம்மா," என்றாள்.

"ஆமாம்மா, இல்ல," என்றாள் அனெசீனா.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் தெரு முழுக்கச் சுண்ணாம்பு வாடை. வாஸ்தூலா வழக்கம்போல வாளியும் மட்டையுமாக வந்து நின்றாள்.

"கரைச்சாச்சும்மா. ஏணி எடுக்கட்டா?"

"வேண்டாம்மா."

"உள்ள அடிப்போமா முதல்ல?"

"உள்ளயும் வேண்டாம். இந்த வருஷம் நம்ம வீட்டுக்கு வெள்ளை இல்ல."

அந்தத் தெருவில் பிறந்த பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மட்டையைச் சத்தமில்லாமல் வாளியில் வைத்துவிட்டு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. அதுவரைக்கும் யாருக்காக வெள்ளையடித்தார்களோ அவனுக்காக இரண்டு பேரும் அன்றைக்குத்தான் சேர்ந்து அழுதார்கள்.

வரிசையாக மின்னுகிற வீடுகளுக்குக் கடைசியில் அந்த ஒரு வீடு மங்கலாக நின்றது. அந்தப் பக்கம் போன ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பெண்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். பெரிய வெள்ளியன்று கோயிலுக்குப் போகிற வழியில் செவாஸ்தி வழக்கம்போல எதிர்ச்சாரிக்கு மாறியவள், பாதியில் நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் வீட்டைப் பார்த்தாள். பிறகு குறுக்கே வந்து, வெள்ளையடிக்காத சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றாள். அனெசீனா கதவைத் திறந்தாள்.

"உள்ள வாங்க அத்தை."

கிழவி தான் துப்பின படியைத் தாண்டி உள்ளே வந்தாள். புதுச்சுவரைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஈஸ்டர் கழிஞ்சு ஆத்துமாக்கள் சனி வருது, அவனுக்குக் கோதுமை போடணும்," என்றாள் செவாஸ்தி. "இந்தத் தடவை உன் வீட்டுலயே வேக வச்சிருவோம்."

"சரி அத்தை."

"சர்க்கரை நான் கொண்டாறேன். மாதுளை மெர்சீனாகிட்ட இருக்கும்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எல்லாரும் போடுறாங்கன்னு நீயும் உலர்ந்த திராட்சையப் போட்டுறாத. அவனுக்கு அது பிடிக்காது."

"தெரியும் அத்தை," என்றாள் அனெசீனா. "ஒவ்வொண்ணாப் பொறுக்கி என் தட்டுல போட்டுருவாரு."